அம்பு காட்டிய இடம்

முதலில் முகர்ந்தான். வாயில் வைக்கும் முனையை மூக்கின் இடது துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு வலது துளைக்கு மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான். அடுத்து அதைத் தலைகீழாகத் திருப்பி, சிவப்பு அம்பும் வளையத்தில் இருந்த வெட்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தான். நின்றன. பொத்தானை அமுக்கி ஒரே ஓர் இழுப்பு இழுத்தான். உடனே குனிந்து துணி துவைக்கும் கல்லுக்கு அருகே காறித் துப்பினான்.

"கருகுதுடி."

செல்லத்தாய் உள்ளே தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "இன்னும் கருகலைங்க. கடுகு இப்பத்தான் வெடிக்குது."

"உன் தாளிப்ப எவ கேட்டா? மெஷினு. இன்னைக்கும் கருகுது."

"அதத் தூக்கிக் குப்பையில போடுங்களேன்."

"போட்டுட்டா எவன் என்ன செஞ்சான்னு எப்படித் தெரியும்?"

காசிமாயன் கையில் இருந்தது தடித்த பேனா அளவில் ஒரு கறுப்புக் குழல். உள்ளே பேட்டரி. அதற்கு மேலே பஞ்சு வைத்த சின்னக் கம்பிச் சுருள். பஞ்சு ஊறுவதற்கு மாம்பழ வாசனை போட்ட திரவம். பொத்தானை அமுக்கினால் சுருள் சூடாகும், திரவம் ஆவியாகி வாய்க்குள் வரும். சூடு அளவாக இருந்தால் மாம்பழம். கூடிப்போனால், திரவம் வந்து நனைப்பதற்குள் பஞ்சு பொசுங்கித் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கொடுத்த சிநேகிதன் பாரூக் அந்த மின்சிகரெட்டை வேப் என்பான். காசிமாயன் மெஷின் என்பான். செல்லத்தாய்க்கு அது சனியன்.

கருகல் அவன் வாயோடு நிற்கவில்லை. திருப்பூர் மண்ணரையில் வேறு எந்த நாற்றம் வந்தாலும் யாரும் தலைநிமிர மாட்டார்கள். பஞ்சு கருகும் வாடை வந்தால் மட்டும் கைவேலை நின்றுவிடும். அந்தக் காம்பவுண்டில் வரிசையாக இருந்த எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர். ஆளாளுக்கு உள்ளே ஓடி அயர்ன் பாக்ஸைத் தொட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மாள் பழனியம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க காசி, எங்கியோ துணி கருகறாப்ல இருக்குதுங்களே?"

"இங்க இல்லைங்கம்மா. பின்னாடி குடோன்ல இருக்கும். அவய்ங்க வயரிங்கே சரியில்ல. எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்."

சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் வீட்டு அயர்ன் பாக்ஸையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சந்தேகப்படுவதற்காகத்தான் அவனுக்குச் சம்பளம். சென்னியப்பனின் காம்பேக்டிங் பட்டறையில் அவன் துணி செக்கர். சாயம் ஏறி வரும் பனியன் துணியை ஆவியில் காட்டி, அழுத்தி, அகலம் சரிசெய்து சுருட்டிக் கொடுக்கும் இடம் அது. சுருட்டுவதற்கு முன்னால் துணி ஒரு கண்ணாடிப் பலகைமேல் ஓடும். பலகைக்கு அடியில் டியூப்லைட் எரியும். காசிமாயன் அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பான். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி ஒடிந்த கோடு, எது கண்ணில் பட்டாலும் பக்கத்தில் ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை ஒட்டுவான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அம்பு, குறையைப் பார்த்து நிற்கும். குறையே இல்லாத துணி வந்தால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. ரோலைத் திரும்ப ஓட்டச் சொல்வான்.

"பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வெளிச்சத்துல போடு, தெரியும்" என்பான்.

பட்டறையை விட்டு வெளியே வந்தாலும் பலகை அவன் கண்ணுக்குள்ளேயே இருந்தது. தக்காளியைக் கடைக்காரனுடைய பல்புக்கு நேராகப் பிடிப்பான். பால் பாக்கெட்டைக் கவிழ்த்து ஒட்டுவாயை விரலால் தடவுவான். டீக்கடையில் மாஸ்டரின் கை தெரிகிற இடத்தில்தான் நிற்பான், அப்படியும் கிளாஸை முகராமல் குடிக்க மாட்டான். ஆதார் நகல் கொடுக்க வேண்டி வந்தால் குறுக்கே 'சிம் கார்டுக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதுவான். ஒருமுறை எழுத்து முகத்தை மறைத்துவிட்டது. ஆள் யாரென்று தெரியவில்லை என்று கடைக்காரன் திருப்பிக் கொடுத்தபோது, "அதுக்குத்தான எழுதுனது" என்றான்.

செல்லத்தாயின் தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு மரியாதையாக அவனுக்கு ஒரு வேட்டி வைத்துக் கொடுத்தார்கள். பந்தலிலேயே உட்கார்ந்து ஓரத்து நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினான். காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி. பிளாஸ்டிக் வாடை வந்து, முனையில் கெட்டியாக ஓர் உருண்டை திரண்டால் கலப்படம். திரண்டது. அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பக்கத்து வரிசைவரைக்கும் காட்டினான். மைத்துனன் அதற்குப் பிறகு திருப்பூர்ப் பக்கமே வருவதில்லை.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? உருண்டை வந்துச்சா இல்லையா?"

உருண்டை வந்தது உண்மைதான்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று உள்ளறை இருட்டாக இருந்தது. "அந்தச் சன்னலக் கொஞ்சம் தெறந்து விடுறீங்களா" என்று கேட்டான். திறந்தார்கள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அவன் அப்போது பார்த்த பார்வையை அவள் பல மாதம் பத்திரமாக வைத்திருந்தாள். கல்யாணமாகி இங்கே வந்து, ஒருநாள் சோற்றுத் தூக்கோடு பட்டறைக்குப் போனபோது, கண்ணாடிப் பலகைமேல் ஓடுகிற துணியை அவன் அதே பார்வை பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீடு வந்து சேரும் வழியில் சிரிப்பு குறைந்துவிட்டது.

ஒன்று மட்டும் உண்டு. அவள் கையால் வைக்கிற சோற்றை அவன் ஒருநாளும் சோதித்ததில்லை. தட்டு முன்னால் வந்ததும் டிவியைப் பார்த்துக்கொண்டே பிசைவான். உப்பு இல்லையென்றால்கூடப் பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரியும். உலகத்தில் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனிதன் அந்த ஒரு தட்டைப் பார்ப்பதில்லை. அவள் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கம்பெனியில் மற்றப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசும்போது அவள் இதை நினைத்துக்கொள்வாள்.

போன வருடம் இருமல் வந்தது. பீடிதான் காரணம் என்று அவள் சொன்னாள், பட்டறைப் பஞ்சுத் தூசுதான் என்று அவன் சொன்னான். ஒரு காலையில் துப்பியதில் சிவப்பு நூல்போல ஓடியது. அவனால் நடக்க முடியவில்லை. பாரூக்கின் டெம்போதான் வந்தது. பாரூக் பனியன் வேஸ்ட் எடுப்பவன். பட்டறைகளிலும் கம்பெனிகளிலும் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு போய் விற்பவன். மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, துண்டுத் துணிகளைப் பரப்பி, அதன்மேல் காசிமாயனைப் படுக்கவைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகிற வழியெல்லாம், "வேஸ்ட்டோட வேஸ்ட்டா என்னையும் கொண்டுபோய் வித்துறாத பாய்" என்று காசிமாயன் இருமிக்கொண்டே சொன்னான்.

சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. "என் டப்பாவ மாத்திட்டாய்ங்க" என்று லேப் வாசலில் சண்டை போட்டான். மறுபடியும் எடுத்தார்கள். இந்த முறை டப்பாவின் மூடியில் அவனே ஒரு சிவப்பு அம்பை ஒட்டிக் கொடுத்தான். அதே முடிவு வந்தது. அதற்குப் பிறகுதான் மாத்திரையை நம்பினான். ஆறு மாதம் தின்றான். பீடியை விட்டான். காலையில் எழுந்ததும் அவன் வாய்க்குக் கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது செல்லத்தாய். உள்ளே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் பார்த்தாள்.

மாத்திரை முடிந்ததும் கை தேட ஆரம்பித்தது. பாக்கை மென்றான், கிராம்பைக் கடித்தான், பட்டறையில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தான். பார்க்கப் பொறுக்காமல்தான் பாரூக் அந்தக் குழலைக் கொடுத்தான். துபாயில் இருக்கும் அவன் மச்சான் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. இங்கே விற்கவே தடையுள்ள சாமான், கடையில் போய் விவரம் கேட்க முடியாது.

"இது புகை இல்லீங்கண்ணே. வெறும் ஆவிதானுங்க" என்றான் பாரூக்.

ஆவி என்ற சொல் காசிமாயனுக்குப் பிடித்துவிட்டது. "துணியே ஆவியில நின்னாத்தான் நேராகுது. நெஞ்சு என்ன கோணிப்போயிருமா?"

செல்லத்தாய் ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்க் கேட்டாள். "புகையோ ஆவியோ, அந்த நெஞ்சுக்குள்ள காத்தத் தவிர எதுவும் போகக் கூடாதும்மா" என்று நர்ஸ் சொன்னதை அப்படியே வந்து சொன்னாள்.

"அந்தம்மாவுக்குப் பீடிக் கம்பெனிக்காரன் ஏதாச்சும் குடுத்துருப்பான்" என்றான் காசிமாயன்.

குழலின் அடியில் இருந்த வளையத்தைத் திருப்பினால் சூடு கூடும், குறையும். வளையத்தைச் சுற்றி ஒரு காலத்தில் எண்கள் இருந்திருக்கின்றன. மச்சான் கையில் அவை தேய்ந்து போய், ஒரு சின்ன வெட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. எண் இல்லாதது காசிமாயனுக்குக் குறையாகவே படவில்லை. "இருந்தா மட்டும்? லேபிள்ல என்ன போட்டுருந்தாலும் அதுல பாதி பொய்யி" என்றான். முதல் நாளே வளையத்தை ஒரேயடியாகத் திருப்பினான். பட்டறையில் அப்படித்தான், மெஷின் காட்டுகிற சூடு துணிக்குப் போய்ச் சேராது, கூட்டி வைத்தால்தான் சரியாக வரும். சுருள் அன்றைக்கே கருகிச் செத்தது.

பாரூக் வேறு சுருள் கொண்டுவந்து சொல்லிக் கொடுத்தான். முதலில் பஞ்சு நன்றாக ஊற வேண்டும். அடிமட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் ருசி நிறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். தொண்டையில் லேசாக வறட்சி தட்டினால் ஒரு மயிரிழை பின்னால் வர வேண்டும். இது காசிமாயனுக்குத் தெரிந்த பாஷை. சாயத்துணிக்கு டிரையல் பார்ப்பதுபோல வாரம் முழுவதும் சாயங்காலம் துவைகல்லுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, ஓர் இழுப்பு, ஒரு யோசனை, ஒரு மயிரிழை என்று ஏற்றினான். தண்ணீராக இருந்தது, பிறகு இனிப்பு வந்தது, பிறகு ஒரு நாள் மாம்பழம் வந்தது.

"லாட் ஓகே!" என்று, பட்டறையில் துணி தேறினால் சொல்வதுபோல, உள்ளே பார்த்துக் கத்தினான். அன்று அவன் மூக்கிலிருந்து வெள்ளையாக வந்ததைப் பார்த்துக்கொண்டு செல்லத்தாய் வாசலில் நின்றாள். அவள் கண்ணுக்கு அந்த வெள்ளையில் சிவப்பு நூல் தெரிந்தது.

ஒரு நாள் அவள் பெருக்கும்போது குழல் டிவி ஸ்டாண்டிலிருந்து உருண்டு விழுந்தது தற்செயல்தான். வளையம் திரும்பிவிட்டது. சாயங்காலம் இழுத்தான், கருகியது, வீசியெறிந்தான், அன்று முழுவதும் தொடவில்லை. அவள் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் புதுச் சுருளைப் போட்டு, மாம்பழம் வந்த இடத்தைத் திரும்பத் தேடிப் பிடித்து, வெட்டுக்கு நேராகக் குழலின் உடம்பில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினான். "இனிமே எவன் திருப்புனாலும் தெரிஞ்சுபோயிரும்" என்றான்.

செல்லத்தாயும் செக்கிங்தான். பெரிச்சிபாளையத்தில் ஒரு கம்பெனியில் தைத்து வந்த பனியன்களை மேசையில் விரித்துப் பார்க்கிறவள். கோணல் காலரிலும் தையல் விட்ட தோளிலும் அவள் ஒட்டுவதும் அதே ஆரோ ஸ்டிக்கர், அதே சிவப்பு. துணி கெடாமல் ஸ்டிக்கரை எடுக்க அவள் விரலுக்குத் தெரியும். வாயால் ஒரு தடவை ஊதி, மூலையில் நகத்தைக் கொடுத்தால் வந்துவிடும். காலையில் பொதுக் குளியலறைக்கு முன்னால் காசிமாயன் துண்டோடு வரிசையில் நிற்கும்போது அவள் அம்பை எடுத்தாள். வளையத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். அந்த வெட்டுக்கு நேராகப் புது அம்பு ஒன்றை ஒட்டினாள்.

அதன் பிறகு எல்லாம் சரியாகவே இருந்தது. அம்பு வெட்டைப் பார்த்து நின்றது. வெட்டு அம்பைப் பார்த்து நின்றது. கருகியது.

காசிமாயன் சுருளைச் சந்தேகப்பட்டான். சீன ஆட்கள் பழைய பஞ்சைச் சுற்றி அனுப்புகிறார்கள் என்றான். சுருளை மாற்றியும் கருகியது, ஏனென்றால் அவள் அம்பையும் இன்னொரு மயிரிழை ஏற்றியிருந்தாள். பேட்டரியைச் சந்தேகப்பட்டான். பழனியம்மாள் வீட்டு லைனில் கரண்ட் கூடுதலாக வருகிறது என்று சொல்லி, குழலைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அங்கே சார்ஜ் ஏற்றினான். போனில் யாரோ இந்தியில் விளக்கிய வீடியோவை, இந்தி தெரியாமலேயே, முகத்தைப் பார்த்து, "இவன் கள்ளப்பய" என்று நிறுத்தினான். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட ஒருநாள் உற்றுப் பார்த்தான்.

அம்பை அவன் சந்தேகப்படவில்லை. அது அவனே ஒட்டியது.

கடைசியில் திரவத்துக்கு வந்தான். திரவம் பாரூக் கொடுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பாரூக் வந்தான். சீல் உடைக்காத பாட்டிலும் புதுச் சுருளும் கொண்டுவந்திருந்தான். காசிமாயன் பாட்டிலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். சீலை நகத்தால் சுரண்டினான்.

"இது எங்க பண்ணுன சீலு?"

"கம்பெனி சீலுங்கண்ணே."

"நான் பாக்காத கம்பெனி சீலா? நம்மூர்லயே அமெரிக்கா லேபிள் தைக்கிறாய்ங்க."

பாரூக் சிரித்தான். "நீங்க சொந்த நெழலு பின்னாடி வந்தாக்கூட நின்னு விசாரிக்கற ஆளுங்க."

சுருளில் நாலைந்து சொட்டு விட்டு, குழலில் பொருத்தி, மூடினான். "டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் ஊறட்டுங்க. அவசரப்பட்டு இழுத்துப்போடாதீங்க."

குழல் இருவருக்கும் நடுவில் கவிழ்த்த வாளியின்மேல் இருந்தது. செல்லத்தாய் உள்ளே டீ போட்டாள். அன்று காலையில்தான் அம்பை அதிகமாக ஏற்றியிருந்தாள். புதுச் சுருள் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"சிரிக்காத பாய்" என்றான் காசிமாயன் வெளியே. "ஒரு எடத்துல கலக்குறவன் எல்லா எடத்துலயும் கலப்பான். பட்டறையில இருந்து நீ கட்டிக்கிட்டுப் போற மூட்டைக்குள்ள என்ன போகுதுன்னு எவனாச்சும் பாத்துருக்கானா?"

"என்னங்கண்ணே சொல்றீங்க?"

"வேஸ்ட்டுக்குள்ள நல்ல துணி போகலாம்ல? நாளைக்குச் சென்னியப்பண்ணன் வருவாரு. பாய் மூட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு அனுப்புங்கன்னு சொல்லிருவேன். இந்தப் புதுசும் கருகட்டும், பாரு."

பாரூக்கின் குரல் தாழ்ந்தது.

"பிரிக்கட்டுங்க. ஒண்ணும் இருக்காதுங்க. ஆனா பாரூக்கு மூட்டையப் பிரிச்சுப் பாத்தாங்களாமான்னு ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா, அப்பறம் இந்தத் திருப்பூர்ல ஒரு கேட்டுக்குள்ளயும் என்ற வண்டி போவாதுங்க. அது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தப்பு இல்லைன்னா எதுக்குப் பயப்படுற?"

"உங்களப் படுக்க வெச்சுக் கொண்டுபோன வண்டிங்கண்ணே அது."

"அது வேற. இது வேற."

செல்லத்தாய் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். பாரூக் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் உள்ளே போகாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருகினால் அவன் சொன்னதைச் செய்வான். பந்தலில் வேட்டியைக் கொளுத்தியவன் பட்டறையில் மூட்டையைப் பிரிக்கத் தயங்க மாட்டான். கருகாவிட்டால் இன்றைக்கு மட்டுமல்ல, நாளைக்கும் அதற்கு மறுநாளும் மாம்பழம்தான். மறுபடியும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது அவள்தான்.

காசிமாயன் டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கீழே வைத்தான். குழலை எடுத்து முகர்ந்தான், இடது பக்கம், வலது பக்கம். கவிழ்த்து அம்பைப் பார்த்தான். "மார்க்கு சரியா இருக்கு. பாத்துக்க பாய், மார்க்குல ஒரு தப்பும் இல்ல" என்று பாரூக்கிடம் காட்டினான். வாயருகே கொண்டுபோனான்.

"இங்க கொண்டாங்க" என்றாள் செல்லத்தாய்.

அவன் கொடுக்கவில்லை. அவளே வந்து விரல்களுக்கு நடுவிலிருந்து உருவிக்கொண்டாள். அம்பின்மேல் வாயால் ஊதினாள். மூலையில் நகத்தைக் கொடுத்து எடுத்தாள். அது அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு குழலை வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். கறுப்பு உடம்பில், அவள் ஒட்டி ஒட்டி எடுத்த இடங்களிலெல்லாம் பசையின் தடம் மங்கலாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த தடம் அவன் முதலில் ஒட்டியது. வளையத்தைத் திருப்பி வெட்டை அதற்கு நேராகக் கொண்டுவந்தாள். அம்பை அந்தத் தடத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

"இப்ப இழுங்க."

காசிமாயன் அவளைப் பார்த்துக்கொண்டே இழுத்தான். விட்டான். வெள்ளையாக வந்தது. வாசல் முழுக்க மாம்பழ வாசனை பரவியது.

"அக்கா..." என்று ஆரம்பித்த பாரூக் தரையைப் பார்த்தான்.

காசிமாயன் எழுந்து, நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, குழலை வெயிலில் சாய்த்தான். பசைத் தடங்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான்.

"நீயா?"

"ஆமாங்க."

"எத்தன தடவ?"

"எண்ணிக்கிட்டா செஞ்சேன்."

"எதுக்குடி?"

"டப்பாவக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவ நான்தான?"

பாரூக் எழுந்தான். "நான் வர்றேனுங்க."

"டீயக் குடிச்சுட்டுப் போ பாய்" என்றான் காசிமாயன், குழலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாரூக் ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்தான். கிளாஸைச் செல்லத்தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் திங்கட்கிழமை. காசிமாயன் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனான். குழலை எடுத்துக்கொண்டு போகவில்லை. பட்டறைக்குச் சென்னியப்பன் வந்தார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். மதியம் பாரூக்கின் டெம்போ வந்தது, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. ஒரு மூட்டையையும் யாரும் பிரிக்கவில்லை. காசிமாயன் பலகைக்கு முன்னால் நின்று அம்பு ஒட்டிக்கொண்டிருந்தான். இதெல்லாம் சாயங்காலம் பாரூக் செல்லத்தாயிடம் போனில் சொன்னது.

காசிமாயன் வீட்டுக்கு வந்தான். கைகால் கழுவினான். டிவி ஸ்டாண்டில் குழல் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்பும் வெட்டும் நேராக இருந்தன. கையில் எடுத்தான்.

"இதுக்குள்ள வேற எதுவும் ஊத்துனியா?"

"இல்லைங்க."

திரவம் இருக்கும் இடத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். முகர்ந்தான். வாயில் வைக்கவில்லை. ஒரு துண்டுத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டான்.

செல்லத்தாய் தட்டு வைத்தாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, ஓர் அப்பளம். அவன் டிவியைப் போடவில்லை. தட்டைத் தரையிலிருந்து தூக்கி, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திருப்பினான். ஒரு பிடி பிசைந்து எடுத்து மூக்கின் இடது துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு வலது துளைக்கு மாற்றினான். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான்.

அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அதை வாயில் போட்டான்.